அக்கா கிணற்றுத் தண்ணீரும் வெள்ளைத் தூளும்

பிளாஸ்ரிக் எண்ணெய்த் திட்டத்தின் ஆண்டு மலரில், படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: ‘அம்பிகை சிவகுரு, மண்கும்பான். அனைவரையும் உடன்பிறப்பாக நேசிப்பவர். நீர்வளம் பற்றிய தொலைநோக்கு உடையவர்.’ உடன்பிறந்தவளை அவள் எப்படி நேசிக்கிறாள் என்று எழுதியவர் விசாரிக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒருநாள் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனவர்.

அம்பிகைக்கும் அக்கா இலட்சுமிப்பிள்ளைக்கும் இடையில் ஒரே வேலி. சீதனம் பிரித்தபோது நல்ல தண்ணீர்க் கிணறு அக்கா பக்கம் போயிற்று. தங்கையின் கிணறு சவர், வாயில் வைக்க ஏலாத உப்பு. ஈடாக ஒரு சோடி காப்பு கொடுத்தார்கள். காப்பைக் குடிக்க ஏலாது என்பது முதல் கோடையிலேயே விளங்கிவிட்டது. அன்று தொட்டு அவள் குடத்துடன் வேலிப் பொட்டுக்குள்ளால், ஓர் ஆள் நுழையும் அந்த இடைவெளியால், அக்கா வளவுக்குப் போகிறாள். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பொறுக்க முடியாதது அதுதான்.

கரையொதுங்கும் பிளாஸ்ரிக்கை உருக்கி எண்ணெய் எடுக்கும் கொட்டில் ஊருக்கு வந்தபோது, அம்பிகைக்கு ஊக்கிப் பகுதியில் வேலை கிடைத்தது. ஊக்கி என்பது சியோலைற் என்ற வெள்ளைத் தூள். பிளாஸ்ரிக் ஆவி அதனூடாகப் போனால்தான் எண்ணெய் இளகி வரும். இல்லாவிட்டால் மெழுகாகக் கட்டிவிடும். புதுத் தூளை அமோனியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து, அதிலுள்ள சோடியத்தை நீக்கி, கழுவி, சூளையில் சுடவேண்டும். பாவித்துக் கரி படிந்தால், காற்றை மெல்ல விட்டுக் கரியை எரித்தெடுக்க, மறுபடி உதவும்.

கழுவும் தண்ணீர் அக்காவுடையது. கொட்டிலின் தண்ணீர்த் தாங்கியில் ‘இலட்சுமிப்பிள்ளை கிணறு’ என்று நீல எழுத்தில் எழுதியும் விட்டார்கள்.

எண்ணெய் மெழுகாகவே வந்தது. பொறுப்பாயிருந்த நிசாந்தினி சூளையைச் சந்தேகித்தாள்.

“அன்ரி, காற்றைக் கூடத் திறந்து அவசரப்பட்டு எரிச்சிருப்பியள். தூள் செத்துப்போச்சு.”

“நான் மெல்லத்தான் விட்டனான். பிழை தண்ணியிலை, பிள்ளை.”

“ஊரே குடிக்கிற தண்ணியிலையோ?”

“ஓம். அதிலை உப்பிருக்கு.”

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த சிவபாதம் நிமிராமலே சொன்னான்: “தமக்கையின்ரை கிணத்திலை உப்பைக் கண்டுபிடிக்க இவவுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு.”

நிசாந்தினியும் சிரித்துவிட்டாள். உப்பு இருக்கிறதென்று அம்பிகைக்கு உண்மையில் தெரியாது, இருக்கவேண்டுமென்று விரும்பினாள். ஆனால் அடுத்த தூளும் பழுதானால் சூளைக்கு வேறு ஆள் போடுவோம் என்று நிசாந்தினி சொன்னபோது, விருப்பம் போதாதென்று தெரிந்தது.

சொந்தக் கிணறோ சவர், அதைச் சொல்லவே வாய் வராது. மாரி தொடங்கியதும் கொட்டில் கூரைத் தண்ணீர் வடியும் பீலிக்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்தாள். முதல் மழையைக் கூரை கழுவ விட்டாள். அடுத்ததைப் பிடித்துப் புதுத் தூளைக் கழுவிச் சுட்டாள். எண்ணெய் மண்ணெண்ணெய் மாதிரி ஓடி வந்தது.

நிசாந்தினி கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள். நாவுக்குத் தெரியாத அளவு உப்பு. வெளியேற்றிய சோடியம் கழுவும்போதே தூளுக்குள் திரும்பக் குடியேறியிருந்தது.

“உங்களுக்கு முதலே தெரியுமோ, அன்ரி?”

“ஓம்.”

வேலிப் பொட்டடியில் அக்கா காத்திருந்தாள். “உனக்குப் பேர் வந்திட்டுதாம். எனக்குச் சந்தோசமடி. என்ரை தண்ணியால உனக்குக் கரைச்சல் வந்திட்டுதே.”

அம்பிகை கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளினாள். அன்று குடம் வழக்கத்தை விடப் பாரமாயிருந்தது.

அக்காவின் தண்ணீர் கொட்டிலுக்குள் வரக்கூடாதென்று அவள் மழையைப் பிடித்தாள். குடிக்கும் தண்ணீரை இன்றும் அக்கா கிணற்றில்தான் அள்ளுகிறாள்.