பாறையில் நிற்கும் படகுக்காரன்

ஆறு வருடமாக ஒரே படக்கதையை வரைந்துகொண்டிருந்தேன். மிதக்கும் தீவுகள், காணாமல் போன தன் தீவைத் தேடி அலையும் ஒரு பெண். பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, பக்கம் பக்கமாக வரைந்து இணையத்தில் போடுவேன். ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியதில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை வெறுத்துப்போய்விட்டது. ஒரே பக்கத்தில் கடலைப் பொங்கவிட்டு, தீவுகளையும் அந்தப் பெண்ணையும் மூழ்கடித்தேன். அடியில் 'முற்றும்' என்று எழுதினேன்.

பெரிய தாள் என்பதால், ஸ்கேன் செய்ய எப்போதும் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கத்திலுள்ள போட்டோஸ்டாட் கடைக்குத்தான் போவேன். அங்கிருந்த அக்காவிடம் அதுவரை இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்று அவர் தாளை மெஷினில் வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, அந்த படகுக்காரன் என்ன ஆனான்?"

"எந்த படகுக்காரன்க்கா?"

"தன் படக அவகிட்ட குடுத்துட்டு பாறை மேல நின்னானே. திரும்பி வரேன்னு சொல்லிட்டுதானே போனா? ரெண்டு வருஷமா வாரா வாரம் பாக்குறேன் லா, அவன காணோம். இவ்ளோ தண்ணி வந்தா அந்த பாறையும் முழுகிடுமே."

எனக்கு அவன் ஞாபகமே இல்லை. வரைந்தவன் நான்தான்.

படிக்க ஆளில்லை என்று கதையைக் கொன்றவன், அதைப் படித்தவரிடமே கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். ஸ்கேன் செய்யாமல் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றும் இணையத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூழ்கடித்த அந்தப் பெண்ணை எப்படிக் கரையேற்றுவது என்றும் தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமையானால் அந்தக் கடைக்கு வெறுங்கையோடு போக முடிவதில்லை.