நீராவி அறையில் நின்றவர்

2009 மே மாதம், புலம்பெயர்ந்த தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரஷ்ய நீராவிக் குளியலறைக்கு முதன்முறையாகப் போனேன். சுடுகற்களின்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பும் வேலையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயது மதிக்கலாம். அந்தச் சூட்டிலும் தலையில் தடித்த கம்பளித் தொப்பி. எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"போடும் தம்பி. இல்லாட்டி மூளை அவிஞ்சுபோம்."

இரத்தம் ஓடட்டும் என்று நனைத்த இலைக்கட்டால் என் முதுகில் அடித்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் வெளியே போய்க் குளிர்நீரில் மூழ்கி வருவது அங்குள்ள முறை. அவர் மட்டும் அசையவில்லை.

"நீங்கள் ஆற வரேல்லையோ அண்ணை?"

"வெளியிலை என்ரை போன் கிடக்கு. மகள் வன்னியிலை. மூண்டு கிழமையா ஒரு கதையும் இல்லை. போன் அடிச்சா எடுக்க வேணுமெல்லே. இஞ்சை நிண்டா கேக்காது."

பஸ் நேரம் சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

நான் வெளியே வந்தேன். ஊழியர்களின் கோட்டுகள் தொங்கிய இடத்தில் ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய், கதவைத் திறந்து அவரிடம் சொன்னேன். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கற்களின்மேல் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறியது. அந்தச் சீற்றம் அடங்குவதற்குள் அடுத்த அகப்பையையும் ஊற்றினார்.