சவரிமுத்து அங்கிள் சிவப்பு மையில் வரைந்த வீடுகள்

சவரிமுத்து அங்கிள் காலமாகிவிட்டார். இன்று காலை அவர் மகள் வாட்ஸ்அப் அனுப்பியபோது நான் பாசாரில் நின்றுகொண்டிருந்தேன்... கையில் இருந்த கீரையைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் ஊர் காஜா பேராங்கில் பலருக்கும் அவரைத் தெரியும். பிளான் வரையும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

எனக்கு அவர் பழக்கமானது, நம் பக்கம் குப்பை எரிக்கும் ஆலை வரப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்களே, அந்தச் சமயத்தில். எதிர்ப்புக் கமிட்டியில் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. அவருக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது.

கடிதத்தின் கடைசியில், "புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் நிறைய இடம் இருக்கிறது, அங்கே கட்டலாம்" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிள் மட்டும் பேனாவை மூடிவிட்டார்.

"அந்த வரிய எடுத்திரும்மா. அப்புறம் போடுறேன்."

"ஏன் அங்கிள்? வேற ஒரு எடம் சொன்னாதானே கவுன்சில்ல கேப்பாங்க?"

"நீ அங்க போயி பாத்தியா? யாரு யாரு வீடு இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் போன பிறகு, ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவரிடமே கேட்டேன். அன்றைக்குத்தான் இதைச் சொன்னார்...

ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். அங்கிளுக்குப் பத்தொன்பது வயது. டவுன் ஆபிஸில் டிரேசர். பெரிய பிளான் மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுக்கும் வேலை.

குப்பை வண்டி இழுத்த மாடுகளை ராணுவம் கொண்டுபோய்விட்டது. தூரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வழியில்லை. அதனால் காஜா பேராங்கிலேயே ஒரு சூளை கட்டி, ஊர்க் குப்பை, முகாம் குப்பை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி எல்லாவற்றையும் எரிப்பது என்று முடிவு. ஜப்பானிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பிளான் நகலுக்காக அங்கிள் மேஜைக்கு வந்தது. சூளையைச் சுற்றி வெறும் புதர் என்று போட்டிருந்தது. அவர் பிறந்து வளர்ந்த வீடு அங்கேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தார். தமிழர் வீடு, மலாய்க்காரர் வீடு, செட்டிமார் வீடு, மூன்று கிணறு. மறுநாள் அத்தனையையும் நகலில் சிவப்பு மையால் வரைந்தார்.

பெரிய கிராணி, அதாவது ஆபிஸின் தலைமை எழுத்தர், பார்த்துவிட்டு ஆடிப்போனார். "டேய், இத மேல அனுப்புனா உன் தலை இருக்காதுடா."

"அனுப்பலன்னா அந்தக் கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்க முடியாது சார்."

அங்கிள் தானே எடுத்துப் போய் அதிகாரி முன் வைத்து, குனிந்து வணங்கினார். அதிகாரிக்கு மலாய் தெரியும்; பேச்சு மலாயில்தான், 'ஐயா' என்பதற்கு 'துவான்'.

"பிளான மாத்தச் சொன்னது யாரு?"

"மாத்தல, துவான். விட்டுப்போனத போட்டேன்."

அதிகாரி கன்னத்தில் விட்ட அறையில் இடது காதில் ரத்தம் வந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வரைபலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வாசல் வெயிலில் நிற்க வைத்தார்கள்.

சேதி காஜா பேராங்குக்குப் போனது. மதியத்துக்குள் பெண்கள் வந்துவிட்டார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. யாரும் சத்தம் போடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். அதிகாரி வெளியே வரும்போதெல்லாம் குனிந்து வணங்கினார்கள். நிமிர்ந்தார்கள். அங்கேயே நின்றார்கள்.

"யாரு இவங்க?" என்று கேட்டார் அதிகாரி.

பலகைக்குக் கீழிருந்து அங்கிள் சொன்னாராம்: "சிவப்பு மையில இருக்கிறவங்க, துவான்."

தெருவில் குனியாமல் நடந்தாலே அடி விழுந்த காலம் அது.

மறுநாள் அதிகாரி பிளானோடு நேரில் வந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். காஜா பேராங்கில் சூளை இல்லை என்று ஆனது. கதை இதோடு முடிந்திருந்தாலே அவரை நான் ஆயுளுக்கும் கும்பிட்டிருப்பேன்.

ஒரு வாரத்தில் புதுப் பிளான் வந்தது. உஜோங் பாசிர் கடலோரம். அங்கேயும் வெறும் மணல் என்று போட்டிருந்தது.

அங்கிள் நடந்தே போய்ப் பார்த்தார். மீன் பிடிக்கிறவர்களின் குடிசைகள். ஒருவரையும் அவருக்குத் தெரியாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அதே கயிற்றால் அளந்து, அதே மையால் வரைந்து, அதே அதிகாரி முன் கொண்டுபோய் வைத்தார்...

அதிகாரி சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"அங்க உன் வீடு இருக்கா?"

"இல்ல, துவான்."

"சொந்தக்காரங்க?"

"இல்ல."

"பின்ன ஏன்?"

"ஆளுங்க இருக்காங்க, துவான்."

இந்த முறை அடி விழவில்லை. ஆளில்லாத இடத்தை நீயே தேடிக்கொண்டு வா என்று அனுப்பினார். இரண்டு நாள் அலைந்து, டவுனுக்கு வெளியே பாழாய்க் கிடந்த ரப்பர் காட்டில், வீடும் கிணறும் இல்லாத ஓர் இடத்தை அங்கிள் கண்டுபிடித்தார். குப்பையைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் எரித்தார்கள்.

நான் புக்கிட் காதில் பற்றிய வரியை அடித்தேன். சுற்றி வாழ்கிறவர்களைக் கேட்காமல் எந்த இடத்திலும் முடிவு எடுக்கக் கூடாது என்று எழுதினேன். அங்கிள் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆலை பிறகு வரவே இல்லை, உங்களுக்குத் தெரியும்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். "ரெண்டாவது தடவ வரையறப்ப பயமா இல்லையா அங்கிள்?"

"பயந்தான். கை நடுங்குனா கோடு கோணிரும். கோணுச்சுன்னா ஒருத்தர் வீடு தப்பான எடத்துல விழுந்திரும்... அதான் ஒவ்வொரு வீட்டுக்கும் மூச்ச அடக்கிக்கிட்டு வரைஞ்சேன்."

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க அங்கிள்...