ஏற்கப்படாத கையொப்பம்

அந்த மனிதரின் வேலையைத் திருடியவர்கள் நீங்கள்தான். படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை காட்டும் திறந்த மென்பொருளை நடத்துகிற குழுவைத்தான் சொல்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் அவரைச் சந்தித்தேன். கிண்ணியாக்காரர்; அண்ணன் என்ற முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். நரைத்த தாடி, கிறீஸ் கறை பிடித்த சட்டை. கதிரையை விட்டு எழும்பும்போதெல்லாம் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். தான் எழுதும் நிரலில் கையொப்பமிட அவர் வைத்திருந்த டிஜிட்டல் அடையாளத்தின் சாவி அதற்குள் ஒரு சின்ன யூ.எஸ்.பி.யில் இருந்தது. அந்த அடையாளத்தை எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை, அவரே உருவாக்கியது.

உங்கள் எச்சரிக்கையில் தமிழ் எழுத்துகள் உடைந்து வந்தன. அவர் நிரலைத் திருத்தி, தன் கையொப்பத்தோடு அனுப்பினார். அவரை நேரில் கண்ட உறுப்பினர் இருவர் உறுதி சொன்னால்தான் அந்தக் கையொப்பம் செல்லும், அதுவரை அவர் யாரென்று தெரியாது என்றீர்கள். இங்கே உங்கள் உறுப்பினர் நான் ஒருவன்தான்.

"நானா, என்ர பேரில அனுப்பட்டா?" என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. நான் செஞ்சதுக்கு நீங்க ஏன் ஒப்பம் வைக்கணும்? நாளைக்கு அது பிழையாப் போனா என்னைத்தானே ஏசணும்!" என்று சிரித்தார்.

போன மாதம் அதே திருத்தம், ஒரு வரி மாறாமல், உங்கள் தலைவரின் கையொப்பத்தோடு மென்பொருளில் சேர்ந்தது. நானாவுக்குக் காட்டினேன்.

"வேலை நடந்திட்டுதுதானே" என்றார். எழும்பிப் போனார். பையைத் தட்டிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவர் ஒரு வரி நிரலும் எழுதவில்லை.

அவர் யாரென்று தெரியாது என்றீர்களே, அப்படியென்றால் யாருடைய வேலையை எடுத்தீர்கள்? எனக்குத் தனியாக எழுத வேண்டாம். எல்லோரும் படிக்கும் உங்கள் தளத்திலேயே பதில் சொல்லுங்கள்.