தானாகத் திறந்த இடது விளக்கு

உலகச் சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதையாக இருந்த காலம். நான் அப்போது கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவில் இருந்த ஒரு மோட்டார் கராஜில் வயர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். மின்சாரம் என்றால் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எந்த வயரைத் தொட்டால் உதறும் என்று தெரியும், அவ்வளவுதான். அதோடு நான் பிறவியிலேயே பயந்தவன். கராஜைப் பூட்டிவிட்டு சந்தி வரை நடந்துபோய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். இதையும் சொன்னால்தான் வெள்ளவத்தையில் எனக்கு நடந்தது உங்களுக்கு விளங்கும்.

மலைநாட்டில் இருந்த ஒரு தோட்டத்துத் துரை, சீமைக்குத் திரும்பும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். அதை வாங்கியவர் வெள்ளவத்தையில் குடியிருந்த ஒரு பிரக்கிராசி, கோர்ட்டில் வழக்குப் பார்க்கும் யாழ்ப்பாணத்து மனிதர். பழைய கார்தான். ஆனால் பந்தயக் கார் மாதிரித் தாழ்வாக, நீண்ட மூக்கோடு இருக்கும். அதன் விசேஷமே முன்விளக்குகள்தான். பகலில் பார்த்தால் விளக்கு இருப்பதே தெரியாது. முன்சக்கரங்களை மூடியிருக்கும் இரண்டு மட்காட்டுக்குள்ளும் புதைந்து கிடக்கும். டாஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மடக்குக் கைப்பிடி. அதை விரித்துச் சுற்றினால் மட்காட் பிளந்து, விளக்கு மெல்ல மேலே எழும்பி வரும், தூங்கிய ஆள் கண் திறக்கிற மாதிரி. வலது விளக்கை ஓட்டுகிறவர் சுற்றிக்கொள்ளலாம். இடது விளக்கைப் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் சுற்றவேண்டும்.

அந்த இடது விளக்கு, பொழுது படும் நேரத்தில், காருக்குள் ஒருவரும் இல்லாதபோது, தானாகத் திறந்தது. இதுதான் முறைப்பாடு.

கராஜ் முதலாளி முஸ்லிம் மனிதர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்; அவர் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுற்றினார், திறந்தது. திருப்பிச் சுற்றினார், மூடியது. ஒரு குறையும் இல்லை. பின்னேரம் போய் வயரைப் பார் என்று என்னை அனுப்பினார்.

போனபோது பிரக்கிராசி ஐயாவே கேற்றைத் திறந்தார். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அதுதான் கடைசி வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது.

"தம்பி, எப்பிடியும் இதைச் சரியாக்கித் தரவேணும்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கதைத்தார். "என்ர மனிசிக்கு இது பிள்ளை பெறுற மாசம். முதல் பிள்ளை சண்டை நேரம். வாகனம் பிடிக்க நான் ஓடித் திரியேக்கை வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே போயிட்டுது. அதுக்காகத்தான் இந்தக் காரை வாங்கினனான். இப்ப இவ அதில ஏறமாட்டன் எண்டு நிக்கிறா."

ஏன் ஏறமாட்டார் என்பதையும் அவரே சொன்னார். அந்த அம்மா பார்த்தது விளக்கு எழும்பியதை மட்டும் இல்லை. ஒருநாள் அந்தியில் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். இடது பக்கக் கைப்பிடி, ஆள் இல்லாத சீட்டுக்கு முன்னால், தானாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். காரைக் கொண்டுவந்து விட்ட தோட்டத்து டிரைவர் முன்னமே சொல்லியிருந்தான், துரையின் மனைவி, அந்தத் துரைசாணி, எப்போதும் அந்தப் பக்கம்தான் இருப்பார், மலைப் பாதையில் பனி இறங்கினால் விளக்கைச் சுற்றுவது அவர் வேலை என்று. அந்தத் துரைசாணி சண்டைக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனவர்.

எனக்கு அப்போதே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. வேலைக்கு வந்தவன் அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? காரின் இடது கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு வாசம் வந்தது. பெட்ரோல் இல்லை, தோல் சீட் இல்லை. முகத்துக்குப் பூசும் பவுடர் வாசம். சீட்டில் லேசான பள்ளம் இருந்தது. எந்தப் பழைய சீட்டிலும் பள்ளம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கைப்பிடியைத் தொடப் போனபோது வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. அந்த அம்மாவின் தாயார்.

"நூலில கை வைக்காதேங்கோ தம்பி. கோயில்ல கட்டினது."

கைப்பிடியின் அடியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, நூல் கட்டுவது நம்மவர் எல்லோரும் செய்வதுதானே. எத்தனையோ காரில் பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டியதை நாங்கள் தொடுவதில்லை, அதைச் சுற்றித்தான் வேலை செய்வோம். கையை இழுத்துக்கொண்டேன்.

வயர் எல்லாம் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. கடைசியில் காருக்குக் கரண்ட் கொடுக்கும் பட்டறியையே கழற்றித் தரையில் வைத்தேன். கரண்ட் இல்லாமல் எது வேலை செய்யும் பார்ப்போம் என்று ஒரு தைரியம். அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. ஐயா உள்ளே போயிருந்தார். ஆபீஸ் விட்ட ஆட்களோடு கோட்டை ஸ்டேஷனில் இருந்து வரும் கந்தோர் ரயில் மதிலுக்குப் பின்னால் தடதடவென்று போனது. அந்தச் சத்தம் தெகிவளைப் பக்கமாகத் தேய்ந்து அடங்கியது. பிறகு கடல் இரைச்சல் மட்டும்.

அப்போது காருக்குள்ளே "டக்" என்று ஒரு சின்னச் சத்தம்.

நான் காரின் முன்னால் நின்றேன். என் இடுப்பு உயரத்தில் இருந்த மட்காட் மெதுவாகப் பிளந்தது. விளக்கு எழும்பியது. ஆட்டம் இல்லை, தயக்கம் இல்லை, வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. பட்டறி இல்லாததால் வெளிச்சம் இல்லை. குருட்டுக் கண் ஒன்று என்னைப் பார்த்துத் திறந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்பேனர் சாவிப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, பஸ் ஓடும் காலி வீதி வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் நடந்ததைக் கேட்டு முதலாளி என்னை விடவில்லை. "என்ன தம்பி, மொகம் சுண்ணாம்பு மாதிரி ஈக்கிது? துரைசாணி கை குடுத்தாவா? பட்டறியக் கழட்டின நேரம் பேய்க்கும் மீட்டர் வெச்சிப் பாத்து வாறதுதானே!" என்றார். கராஜே சிரித்தது.

"நீங்க வேணுமெண்டா பொழுது படுற நேரம் போய்ப் பாருங்க நானா" என்றேன்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நான் போன நேரம் அந்தக் கைப்பிடியில சரியாக் கை வெக்கல்ல" என்றார் மெதுவாக. "கோயில் நூல் ஈந்திச்சி. நாங்க அதுல கை போட்டா மரியாதை இல்லயே. ஓரத்தைப் புடிச்சிச் சுத்திட்டு வந்துட்டன்."

அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போகும்போதுதான் உறைத்தது. நூல் கட்டிய இடத்தை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அந்தக் காரில் யாருமே கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

திரும்பிப் போனது தைரியத்தில் இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். அந்த அம்மாவுக்கு ஏதாவது நடந்து, கார் அங்கே சும்மா நின்றால் என்ன செய்வது என்று ஒரே யோசனை. எனக்குப் பேயை விட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

இந்த முறை இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவைத் திறந்தபடியே விட்டு, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டேன். பவுடர் வாசம் இருந்தது. ஐயா பக்கத்தில் நின்றார். முதலில் வலது கைப்பிடியை எட்டி விரித்து, மறுபடி மடக்கினேன். "டக்" என்று உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு நேற்று எழும்பிய இடது விளக்கைச் சுற்றி இறக்கி, கைப்பிடியை மடக்கினேன். படிந்தது மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை.

ரயில் வந்தது. தரை அதிர, கொட்டகைத் தகரம் அதிர, கைப்பிடியும் என் விரலுக்குக் கீழே நடுங்கியது. ரயில் போன பிறகு அது மெல்ல நழுவியது. பிறகு என் உள்ளங்கைக்குள்ளேயே சுற்றத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றுவது போலவே இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு குளிர் எனக்கு ஏறியதில்லை. வெளியே வைத்த கால் ஓடத் தயாராக இருந்தது. ஐயா என் தோளைப் பிடித்தாரா, நான் அவரைப் பிடித்தேனா, தெரியாது. கையை மட்டும் விடவில்லை.

விடாமல் பிடித்திருந்தபடியால்தான் கைக்கு விளங்கியது. விளக்கு மேலே போகப் போக அந்த இழுப்பு தளர்ந்துகொண்டே வந்தது. அது ஸ்பிரிங்கின் குணம். பாரமான விளக்கைத் தூக்க உதவியாக, கார் செய்தவன் உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறான். கைப்பிடியை முழுக்க மடக்கினால் அதன் பல் ஒரு பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் அடங்கிக் கிடக்கும். இங்கே மடங்குகிற இடத்தில் நூல் தடித்துப்போய் இருந்தது. அதனால் பல் நுனியில் மட்டும் தொங்கியது. பின்னேரக் கந்தோர் ரயில்தான் ஆகப் பாரமானது, அதன் அதிர்வில் பல் விடுபட்டதும் விளக்கு எழும்பியது. ஸ்பிரிங் இழுக்க, கைப்பிடி சேர்ந்து சுற்றியது.

"ஐயா, ஒரு நூலுக்கு இவ்வளவு தடிப்பு வராதே" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கொட்டகை வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். வயிற்றில் ஒரு கை. காரைக் கண்டால் உள்ளே போய்விடுகிறவர், அன்று நான் ஓடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

"ஒண்டில்லை" என்றார். "முதல்ல ஒண்டுதான் கட்டினது. பிறகு ஒவ்வொருமுறை விளக்குத் திறந்ததும் அம்மா கோயிலுக்குப் போய் இன்னொண்டு கொண்டுவந்து கட்டினவ." பின்னால் வந்த தாயாரைத் திரும்பிப் பார்த்தார். "கட்டக் கட்டத்தான் அது இன்னும் கூடத் திறந்தது, என்னம்மா?"

தாயார் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். "பிள்ளைத்தாச்சிக்குக் கட்டின காப்பை அவிழ்க்கிறதே? ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்றது?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே பயம்தான். காரணம் தெரிந்துவிட்டது, கை போகவில்லை. ஸ்பிரிங் என்று என் கை சொல்லுகிறது. தப்பித்தவறி இல்லை என்றால்? நூலை எடுத்த பிறகு அந்த அம்மாவுக்கு ஏதும் ஆனால் நான் எப்படி அதோடு காலம் தள்ளுவேன்? வெட்டும் குறடைப் பெட்டியில் இருந்து எடுத்து, மறுபடி உள்ளேயே போட்டேன்.

அந்த அம்மாதான் முடிவெடுத்தார். "வெட்டாதேங்கோ தம்பி. அவிழ்த்து எடுங்கோ. எனக்காகக் கட்டினதுதானே, என்ர கையில கட்டிவிடுங்கோ."

சந்தனமும் கடல் ஈரமும் சேர்ந்து முடிச்செல்லாம் கல்லாகக் கிடந்தது. நகத்தால் கெல்லிக் கெல்லி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் ஒரு யுகம். கடைசி நூல் வந்ததும் விளக்கை இறக்கிக் கைப்பிடியை மடக்கினேன். "டக்." தாயார் முணுமுணுத்துக்கொண்டே அந்த நூல்களை மகளின் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார்.

அதற்குப் பிறகு விளக்கு திறக்கவில்லை. பவுடர் வாசம் மட்டும் போகவில்லை. அதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.

பட்டறியைத் திரும்ப மாட்டியதோடு வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் என் குணம் உங்களுக்குத் தெரியும். யாரும் கூப்பிடாமலே வேலை விட்டதும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், ரயில் போகும்வரை கொட்டகையில் நின்று பார்த்துவிட்டு வருவேன். ஐயா சிரிப்பார். அந்த அம்மா தேத்தண்ணி கொடுத்துவிடுவார். ஆனால் காரில் ஏறிப் பார்க்க மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை.

அப்படிப் போன ஒரு பின்னேரம் கடல் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் மழையுமாக வானம் இருண்டு கிடந்தது. கேற்றடியிலேயே ஐயாவின் சத்தம் கேட்டது. வலி தொடங்கிவிட்டது. ஐயா காரை வெளியே எடுத்தார். பின்சீட்டில் துணிமூட்டையோடு தாயார் ஏறினார். இடது கதவைத் திறந்துவிட்டு நான் குடை பிடித்தேன். அந்த அம்மா கதவைப் பிடித்தபடி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை அவர் தலையில் கொட்டியது.

"ஏறுங்கோ அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீங்கள் இதில இருந்து பார்த்தனீங்கள்தானே?"

"ஓம் அம்மா. பயந்து பயந்துதான் இருந்தன்."

அவர் ஏறிவிட்டார். நான் கதவைச் சாத்தினேன்.

கார் ஒழுங்கைக்குத் திரும்பி நின்றது. வலது விளக்கு எழும்பி எரிந்தது. இடது பக்கம் மூடியே கிடந்தது. ஒற்றைக் கண்ணோடு கார் மழையில் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் தண்ணீர் வழிய, உள்ளே யார் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு இடது மட்காட் அசைந்தது. எனக்கு மறுபடியும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் இந்த முறை விளக்கு வழுக்கிக்கொண்டு வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு, நின்று நின்று வந்தது. பாதியில் அப்படியே நின்றுவிட்டது. வலி பிடித்திருக்கவேண்டும். அரைக்கண்ணோடு அது நின்ற அந்த நேரம் நான் மூச்சே விடவில்லை. பிறகு மறுபடி அசைந்து, முழுக்கத் திறந்து, வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. கார் காலி வீதிப் பக்கம் ஏறிப் போனது.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று ஐயாவே கராஜுக்கு வந்து சொன்னார்.

நான் இன்றைக்கும் பயந்தவன்தான், பூட்டிய கதவை இன்றைக்கும் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன்தான். ஆனால் எதையாவது கண்டு ஓடவேண்டும் என்று கால் துடிக்கும்போதெல்லாம், வலிக்கு நடுவே நிறுத்தி, மறுபடியும் அந்தக் கைப்பிடியைச் சுற்றிய ஒரு பெண்ணின் கை எனக்கு ஞாபகம் வருகிறது, காலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது.