மத்தியானம் ஒரு மணி நேரம்

ஆபீசில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஒரு மணி’ என்றால்தான் தெரியும். சுற்றுலா கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷன். மழை மாதங்களில் ஈயடித்துக் கிடக்கும் தீவு விடுதிகளுக்கு ஆள் பிடித்து அனுப்புவது அவர் பொறுப்பு. மழைக்காலம் என்ற சொல்லையே அந்த ஆபீசில் வாய்தவறியும் சொல்லக் கூடாது. ‘பசுமைக் காலம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியும் விவரமான ஆள் யாராவது, “மழை பெய்யுமே சார்?” என்று இழுத்தால் இவர் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு போனில் கேட்க வேண்டும், அதுதான் தொழில்.

“மத்தியானம் ஒரு மணி நேரம் பெய்யும் சார். அப்புறம் பாருங்க, பளிச்சுனு வெயில் அடிக்கும்.”

போன இடத்தில் நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துவிட்டு வந்து காட்டுக்கத்தலாகக் கத்துகிறவர்களுக்கு இன்னொரு வாக்கியம் வைத்திருந்தார். “இந்த வருஷம்தான் சார் இப்படி.” இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு வீடு கட்டி, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர்தான்.

அவர் மனைவி கடலைப் பார்த்ததில்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையாகி ஒன்பது வருஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மகளின் கல்யாண மண்டபத்திலிருந்துகூடப் பாதியில் வீட்டுக்கு ஓடி வந்து, துணி மாற்றிவிட்டு, மறுபடி ஓடினவள் அவள். புருஷன் கொண்டுவந்து போடும் பழைய விளம்பரத் தாள்களைத்தான் அலமாரித் தட்டுகளில் விரித்து வைத்திருந்தாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒரு படம். வெள்ளை மணல், அதில் ஒரு நீல நாற்காலி, காலியாக.

“யாரும் உக்காரலியே, எனக்குத்தான் போட்டு வச்சிருக்காங்க போல” என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். பிறகு, “ஏங்க, நாம ஒரு தடவ போனா என்ன?” என்றாள்.

“சீசன்ல நமக்குக் கட்டுப்படியாகுமா?”

“சீசன் இல்லாதப்ப போவோமே. மழைதான் பெய்யுமோ?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகப் புரண்டது. “மத்தியானம் ஒரு மணி நேரம்தான்.” சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அவள் அதை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவருடைய தம்பி மனைவி, பள்ளிக்கூட டீச்சர், என்ன நினைத்தாளோ, தானாகவே போன் செய்தாள். “அக்கா, எனக்கு ஆறு நாள் லீவு வருது. அத்தைய நான் பாத்துக்கறேன், நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க. ஆனா இந்த ஒரு தடவதான். மறுபடி கேட்டுடாதீங்க.”

கிடைத்தது ஆறு நாள். மனைவி அவரிடம் மூச்சுவிடவில்லை. ஆபீஸ் வரவேற்பறைப் பெண்ணைப் பிடித்து, ஊழியர் சலுகையில் தீவுக்குப் பதிவு செய்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் தேதியைப் பார்த்தார். வருஷத்திலேயே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற வாரம். இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஆறு நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்ற ஒரு போன் போதும், அது அவருக்கே தெரியும். ஆனால் சொன்னால், அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்பாளே! அந்த ஒரு நிமிஷ அவமானத்துக்கு மனுஷன் பயந்தார்.

“என்னங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்ல. நல்ல நேரத்துலதான் போட்டிருக்க.”

பாவி மனுஷன்!

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. புதுச் செருப்பு வாங்கினாள், தொப்பி வாங்கினாள். ஒரு நோட்டைப் பிரித்து ஆறு நாளுக்கும் திட்டம் எழுதினாள். காலையில் படகு, சாயங்காலம் மணலில் நடை. பேனாவைப் பிடித்துக்கொண்டே, “மழை ரெண்டுலேர்ந்து மூணா, மூணுலேர்ந்து நாலா?” என்று கேட்டாள்.

“ரெண்டுலேர்ந்து மூணு.”

‘இரண்டு முதல் மூன்று வரை மழை, தூக்கம்’ என்று ஆறு பக்கத்திலும் எழுதிக்கொண்டாள்.

படகுத்துறையில் கால் வைத்தபோது பிடித்த மழை விடவே இல்லை. கடல் எங்கே, வானம் எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல். நீல நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொட்டகைக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாள் மூன்று மணிக்கு அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நாலு ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் அவர், “இந்த வருஷம்தான் இப்படியாம். விடுதிக்காரர் சொல்றாரு” என்றார்.

“விடுங்க, மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத்தான் பாவமா இருக்கு” என்று அவள் அவரையே தேற்றினாள்.

ஐந்தாம் நாள் அவருக்கு ஆபீசிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனை மாற்றிவிட்டார்கள். யாரோ ஒரு பெண். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாராம், அடுத்த வாரம் கூட்டிவரலாமா என்று கேட்டாள். அவருக்கு என்ன ஆயிற்றோ, மழைச் சத்தத்தில் குரலை உயர்த்திச் சொன்னார்.

“வேண்டாம் மேடம். வருஷா வருஷம் இந்த மாசம் இப்படித்தான். ராப்பகலா ஊத்தும். அம்மாவ அலைய விடாதீங்க. ரெண்டு மாசம் பொறுத்து வாங்க.”

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு திரும்பினார். மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

“வருஷா வருஷமா?” என்றாள்.

அவரிடம் மூன்றாவது வாக்கியம் எதுவும் இல்லை.

“முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட நிஜத்தச் சொல்ல வாய் வருது உங்களுக்கு. ஒம்போது வருஷத்துல எனக்குக் கெடச்சது ஆறு நாளுங்க.”

அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு டீச்சரைக் கூப்பிட்டு விசாரிப்பாள்.

“அத்தையப் பொரட்டிப் படுக்க வச்சியாம்மா? சாப்பிட்டாங்களா? ஆமா, நாங்க நல்லா இருக்கோம். மழையா?”

புருஷனை நேராகப் பார்த்தாள். அவருடைய அதே சிரிப்பை லேசாகச் சிரித்தாள்.

“மத்தியானம் ஒரு மணி நேரம்தான்.”