அவசர அனுமதி

எங்கள் சேத்தூர்ப் பக்கம் வரும் விவசாய அதிகாரி இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். கக்கத்தில் எப்போதும் மடித்த மஞ்சள் பை ஒன்று இருக்கும். மாம்பழக் காலத்தில் எங்கள் தோப்புக்குள் நுழைந்ததும் அது தானாக விரிந்துகொள்ளும்.

இந்த ஆண்டு மா பூத்தபோதே தத்துப்பூச்சி மொய்த்துவிட்டது. இன்னும் பதிவே ஆகாத ஒரு மருந்துக்கு மேலிடத்தில் அவசர அனுமதி கொடுத்திருப்பதாக அவர்தான் வந்து சொன்னார்.

"பதிவு ஆகலைன்னா என்ன சார் அர்த்தம்?" என்றேன்.

"முழுசா சோதிச்சு முடிக்கல அண்ணாச்சி, அம்புட்டுதான். பூச்சி அதுவரைக்கும் காத்திருக்குமா?"

பூச்சிக்கு இருந்த அவசரத்தை மதித்து நானும் அடித்தேன். பூச்சி செத்தது. காய்ப்பும் அமோகம்.

ராஜபாளையம் மார்க்கெட்டுக்கு லோடு ஏறிய அன்று அவர் வந்தார். நல்ல பழமாகப் பொறுக்கி நீட்டினேன். மஞ்சள் பை விரியவில்லை.

"இது வேண்டாம் அண்ணாச்சி, வீட்ல பிள்ளைக சாப்பிடும். அந்தக் கிணத்தடி மரத்துல நாலு பறிச்சுத் தாங்க."

அந்த ஒரு மரத்துக்கு மட்டும் நான் மருந்தடிக்கவில்லை. என் வீட்டுக்கென்று விட்டுவைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.